ரேங்க் பட்டியலும் வீட்டுப் பத்திரமும்

அன்புள்ள சார்,

வணக்கம். சங்கரன்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கோர்ட் பற்றி நீங்கள் எழுதுவதை என் மகள்தான் எனக்குக் காட்டினாள். அவள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கிளாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு வெளிமாநிலத்தில் புதிதாக வந்த ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்கிறார்கள். ஹாஸ்டலோடு வருடத்துக்கு மூன்று லட்சம் ஆகும். பிளஸ் டூ மார்க்குக்கு திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலும் கிடைத்துவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர், மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் ரேங்க் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பி, திருநெல்வேலியில் படித்தால் கோர்ட் வாசலில் நோட்டரி சீல் குத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்கிறார். அந்தப் புதுப் பல்கலைக்கழகமும் பட்டியலில் இல்லையே என்று கேட்டால், 'தேசிய' என்று பெயரில் இருக்கிறதே என்கிறார். மகளோ கோர்ட்டில் வாதாட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பேங்கில் லோன் தருவார்கள். சட்டப் படிப்புக்கு ரேங்க் அவ்வளவு முக்கியமா?

மு., சங்கரன்கோவில்

அன்புள்ள மு. அவர்களுக்கு,

நோட்டரி ஆவதற்கே பத்து வருடம் பிராக்டிஸ் வேண்டும், பெண்களுக்கு ஏழு வருடம் என்று உங்கள் மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் அவரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கல்லூரியின் பெயர் செல்லுபடியாகும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே அது நன்றாகவே செல்லுபடியாகும்.

மும்பையிலும் டெல்லியிலும் இருக்கும் பெரிய சட்ட நிறுவனங்களைத்தான் சொல்கிறேன். கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது, கோடிக்கணக்கான ஒப்பந்தங்களை எழுதுவது இவர்கள் வேலை. பெங்களூர், ஹைதராபாத் நல்சார், கொல்கத்தா, டெல்லி, ஜோத்பூர், காந்திநகர் என்று ஒரு சில பல்கலைக்கழகங்களுக்கு இவர்கள் வளாகத் தேர்வுக்கு வருகிறார்கள். பையன்கள் 'டே ஸீரோ' என்று சொல்லும் அந்த நாளுக்குள், படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே, முதல் வரிசை மாணவர்களின் வேலை முடிவாகிவிடும். இருபத்து மூன்று வயதில் ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் சம்பளம். திருநெல்வேலியில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்த வாசல் வழியாக அதே வயதில் உள்ளே போவது மிகக் கஷ்டம். கெட்டிக்காரத்தனத்தில் குறை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அந்த நிறுவனங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இவர்களும் என்ஐஆர்எஃப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை. அங்கே பார்ட்னராக இருப்பவர்கள் எங்கே படித்தார்களோ அங்கேதான் வருகிறார்கள். அந்தப் பழக்கம் அரசின் பட்டியலைவிடப் பழசு. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில் 1988-இல் முதல் வகுப்பு தொடங்கியது. அரசு சட்டத்துக்கென்று தனிப் பட்டியல் போட ஆரம்பித்தது 2018-இல்தான்.

அந்தப் பட்டியலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, பட்டியலில் வருவது நாற்பது. விண்ணப்பித்த நிறுவனங்களுக்கு மட்டும்தான் ரேங்க், அதற்கான விவரங்களையும் அந்தந்த நிறுவனமே எழுதிக் கொடுக்கிறது. எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள், எத்தனை ஆய்வுக் கட்டுரைகள், எவ்வளவு செலவு, கடைசியாக 'வெளியில் என்ன பெயர்' என்பதற்கும் ஒரு மதிப்பெண். இப்படிக் கொடுக்கும் விவரங்களைச் சரிபார்ப்பது யார் என்று ஒருவர் வழக்குப் போட, 2025 மார்ச்சில் மதுரைக் கிளை அந்த வருடப் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடையே விதித்தது. தடை பிறகு விலகி, செப்டம்பரில் பட்டியல் வந்தது. அமெரிக்காவில் இதைவிட வேடிக்கை நடந்தது. அங்கே ஒரு பத்திரிகை போடும் பட்டியலில் வருடக்கணக்காக முதலிடத்திலேயே இருந்த யேல் சட்டக் கல்லூரி, 2022 நவம்பரில், இந்தக் கணக்குமுறை பொதுநல வேலைக்குப் போகும் மாணவர்களால் எங்கள் மதிப்பைக் குறைக்கிறது, இனி விவரம் தரமாட்டோம் என்று விலகிக்கொண்டது. ஹார்வர்டும் அதே நாளில் விலகியது.

ஒரு பிராதை ஒழுங்காக எழுதத் தெரியுமா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியுமா என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

உங்கள் மகள் கோர்ட்டில் வாதாட வேண்டும் என்கிறாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் ஊர் சப் கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். உள்ளே 1940-களில் எழுதிய தாய்ப்பத்திரம், மடித்த இடங்களில் கிழிந்து போய், கையெழுத்தில், முற்றுப்புள்ளியே இல்லாமல் இரண்டு பக்கம் ஓடும். வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று பழைய குறிகள். நான்கு எல்லையில் கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை என்று இருக்கும், அந்த இன்னார் செத்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும், வண்டிப்பாதையில் இப்போது மூன்று வீடு நிற்கும். பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தொடர்பு கண்டுபிடித்து, பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யார் பங்கு எங்கே என்று ஜூனியர் குறிப்பு எழுத வேண்டும். அதை வைத்துப் பிராது தயாரித்துத் தாக்கல் செய்தால், கோர்ட் ஃபீஸ் கணக்கு சரியில்லை, சொத்து விவரத்தில் எல்லை விட்டுப்போயிருக்கிறது என்று ஆபீசில் ரிட்டர்ன் போடுவார்கள். அதைச் சரிசெய்து திருப்பிப் போட வேண்டும். ஆறு மாதம் இதைச் செய்கிறவர் ஐந்து வருடத்தில் சொத்துரிமைச் சட்டம் படித்ததைவிட அதிகம் கற்றுக்கொள்வார். என் அறைக்கு வந்த ஜூனியர்களில், மூட் கோர்ட் எனும் மாதிரி வழக்குப் போட்டிகளில் வென்ற கோப்பைகளோடு வந்தவர்களும் உண்டு, திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. முதல் மூன்று மாதம் கோப்பைகளோடு வந்தவர்கள் பிரமாதமான ஆங்கிலத்தில் வாதக் குறிப்பு எழுதுவார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு கல்லூரி எது என்று எனக்கு மறந்தே போகும், மஞ்சள் பையைப் பிரிக்கச் சலிக்காதவர் யார் என்பது மட்டும் தெரியும்.

நீதிபதி தேர்வுக்குப் போவதாக இருந்தாலும் இதுதான் கதை. டிஎன்பிஎஸ்சி நடத்தும் சிவில் நீதிபதி தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் உண்டு. சாட்சியத்தையும் தீர்ப்பையும் ஆவணத்தையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். வெளிமாநிலத்தில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வருகிறவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தத் தேர்வு எழுத மூன்று வருடம் பிராக்டிஸ் கட்டாயம் என்று மறுபடியும் கொண்டுவந்துவிட்டது. ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அந்த மூன்று வருடத்தைக் கோர்ட்டில் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

மேலே போவதற்கும் வழி அடைத்துக் கிடக்கவில்லை. பொள்ளாச்சியைச் சேர்ந்த கே.வி. விஸ்வநாதன் படித்தது கோயம்புத்தூர் சட்டக் கல்லூரியில். 1988-இல் பதிவு செய்துகொண்டு டெல்லி போனார், 2023-இல் வழக்கறிஞராக இருந்தபடியே நேராக உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார், பணிமூப்பு வரிசைப்படி 2030-இல் தலைமை நீதிபதியாக வர வேண்டியவர். பவானிப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்த சதாசிவம் சென்னை அரசு சட்டக் கல்லூரி மாணவர், 2013-இல் தலைமை நீதிபதி. இதைச் சொல்லி உங்களைக் குஷிப்படுத்த விரும்பவில்லை. அதே வகுப்புகளில் அவர்களோடு படித்து, பத்து வருடத்தில் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவர்கள் இருவருக்கும் கல்லூரிக்கு வெளியே நல்ல சீனியரின் அறை கிடைத்தது, தாக்குப்பிடிக்கவும் முடிந்தது.

இங்கேதான் உங்கள் மைத்துனருக்காக நான் வாதாட வேண்டியிருக்கிறது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிப் பெயர் தேவையே இல்லை, அப்பாவின் போர்டு போதும். கட்சிக்காரர், குமாஸ்தா, நூலகம், சொந்தசாதி சீனியரின் சிபாரிசு எல்லாம் வீட்டிலேயே இருக்கும். உங்கள் மகளுக்கு அது எதுவும் கிடையாது. முதல் தலைமுறையாக வருகிறவர்களுக்கு ஒரு பெரிய கல்லூரியின் பெயர் அந்த போர்டு செய்யும் வேலையில் கொஞ்சத்தைச் செய்யும், தெரியாத சீனியரும் "அங்கேயா படிச்சே? வா, உட்கார்" என்பார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவளுக்கு பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இடம் கிடைத்திருந்தால், பத்திரத்தை வைத்தாவது அனுப்புங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

கிடைத்திருப்பது அது இல்லை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இன்று இருபத்தைந்தைத் தாண்டிவிட்டன. கட்டணம் எல்லாவற்றிலும் லட்சங்களில்தான், பலன் ஒன்று இல்லை. புதியவற்றில் சிலவற்றுக்கு ஆசிரியர்களே போதவில்லை, நிறுவனங்கள் வருவதும் குறைவு. மூன்று லட்சம் வீதம் ஐந்து வருடம் என்றால் பதினைந்து லட்சம். படிக்கும் காலத்து வட்டியையும் சேர்த்தால் மாதத் தவணை இருபதாயிரத்தைத் தாண்டும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்சம் சென்னை, மதுரை, கோவையில் இருபதாயிரமும் மற்ற ஊர்களில் பதினைந்தாயிரமும் கொடுக்க வேண்டும் என்றது. அதையே இன்னும் எல்லா சீனியரும் கொடுப்பதில்லை, ஐயாயிரமும் பஸ் காசும் வாங்குகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அப்படியே முழுசாகக் கிடைத்தாலும் தவணைக்கே சரியாகப் போய்விடும். கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சேர்ந்த பெண், தவணைக்காக ஏதோ ஒரு கம்பெனியில் ஒப்பந்தம் சரிபார்க்கும் வேலைக்குப் போவாள். அவள் என்ன வக்கீலாக வேண்டும் என்பதைப் பேங்க் முடிவு செய்யும்.

அதனால் என் கருத்து திருநெல்வேலிதான். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு, அதில் வந்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும், அதை விசாரியுங்கள். ஆனால் அங்கே சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அரசுக் கல்லூரியில் யாரும் விரட்டிப் படிக்கவைக்க மாட்டார்கள், வகுப்பு நடக்காத நாளும் இருக்கும். மிச்சமாகும் பதினைந்து லட்சத்தில் ஒரு லட்சத்தை எடுத்து அவளுக்குப் புத்தகமும், ஆன்லைன் தீர்ப்புத் தொகுப்புக்குச் சந்தாவும் வாங்கிக் கொடுங்கள். விடுமுறைகளில் ஒன்று விட்டு ஒன்று மதுரையிலும் சென்னையிலும் யாராவது சீனியரிடம் இன்டர்ன்ஷிப் போக அனுப்புங்கள், தங்க இடம் பார்த்துக் கொடுங்கள். பெண் பிள்ளையைத் தனியாக எப்படி என்று ஆரம்பித்தீர்கள் என்றால் வெளிமாநிலத்துக்கு அனுப்ப யோசித்த தைரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை ஐந்து வருடத்தில் தினமும் ஒரு தீர்ப்பு படித்தே சரிசெய்துவிடலாம், உயர் நீதிமன்றத்தில் அது கண்டிப்பாக வேண்டும்.

பெரிய பெயர் வேண்டும் என்று பிறகு தோன்றினால், கிளாட் முதுநிலைத் தேர்வு எழுதி பெங்களூரிலோ நல்சாரிலோ ஒரு வருட எல்எல்எம் படிக்கலாம். ஐந்து வருடக் கட்டணத்துக்குப் பதில் ஒரு வருடக் கட்டணம். இளநிலைப் பட்டம் தரும் வளாகத் தேர்வு இதில் அவ்வளவாகக் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அறிமுகமும் நூலகமும் கிடைக்கும், அந்த வயதில் எதற்காகப் போகிறோம் என்றும் தெரிந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் புதுப் பல்கலைக்கழகம்தான் என்று மகள் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். கடைசியாக வெளியே வந்த இரண்டு வகுப்புகளில் மொத்தம் எத்தனை பேர், வேலை கிடைத்தது எத்தனை பேருக்கு, எந்தெந்த நிறுவனத்தில், நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு. அதிகபட்சச் சம்பளத்தை மட்டும் பெரிய எழுத்தில் சொன்னாலோ பதிலே வரவில்லை என்றாலோ, பத்திரத்தை பீரோவிலேயே வைத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு விண்ணப்பத்தைப் போடுங்கள். அதற்குக் கடைசித் தேதி நெருங்குகிறது.