செம்பருத்தியும் களையும்

கேள்வி: 'தி சீக்ரெட் கார்டன்' நாவலில் அடங்காப்பிடாரி மேரியை இயற்கைதானே திருத்தியது? நம் பிள்ளைகளையும் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு லீவுக்கு மலைப்பக்கம் அனுப்பினால் திருந்திவிட மாட்டார்களா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: இயற்கைதான் திருத்தியது என்றால் அந்த வேலை இந்தியாவிலேயே முடிந்திருக்குமே! பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதி 1911-ல் வெளியான அந்த நாவலின் முதல் பக்கங்களை இன்னொரு தடவை புரட்டுங்கள். மேரி பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். பூவுக்கா பஞ்சம்? மண்ணைக் குவித்து, அதில் செம்பருத்திப் பூக்களைச் செருகி, தோட்டம் போட்டு விளையாடுகிறாள். வாய் மட்டும் சும்மா இல்லை; ஆயா வந்ததும் என்னவெல்லாம் திட்டலாம் என்று முணுமுணுத்தபடி இருக்கிறது. செருகிய பூவுக்கு வேர் ஏது? வாடினால்தான் அவளுக்கென்ன, கூட்டித் தள்ள ஆள் இருக்கிறது.

காலராவில் அப்பா, அம்மா, ஆயா எல்லோரும் போய்விட, இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் மாமாவின் நூறு அறை மாளிகைக்கு வந்து சேர்கிறாள். அங்கே முதல் அடி கொடுப்பது மரமோ பறவையோ இல்லை, மார்த்தா என்ற வேலைக்காரப் பெண். "உனக்கு உடுப்புப் போட்டுக்கொள்ளக்கூடத் தெரியாதா?" என்று வாய் பிளக்கிறாள். அடுத்து தோட்டக்காரக் கிழவர் பென். நீயும் என்னைப் போலச் சிடுமூஞ்சிதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அதுவரை அவளிடம் யாரும் உண்மை பேசியதில்லை.

அப்புறம்தான் தோட்டம். பத்து வருஷம் பூட்டிக் கிடந்த இடம். புல்லுக்கு நடுவே வெளிறிய பச்சை முளைகள் மண்ணை முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவளுக்குத் தோட்டவேலை ஒன்றும் தெரியாது. கூரான மரத்துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, மண்டிபோட்டு உட்கார்ந்து, முளைகளைச் சுற்றிக் களையெடுக்கிறாள். இனி இவற்றால் மூச்சுவிட முடியும் என்று நினைக்கிறாள். பூவைப் பறித்துச் செருகிய அதே கைதான். பிறகு மாமா, "பொம்மை வேண்டுமா, புத்தகம் வேண்டுமா?" என்று கேட்கும்போது, கொஞ்சம் மண் கிடைக்குமா என்கிறாள்.

மேரியின் அடங்காத குணத்துக்கு நாவலாசிரியை இந்திய வெயில்மேல் பழி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்ற பிள்ளையைக் கண்ணில் படாமல் ஆயாவிடம் தள்ளிவிட்டு விருந்துக்குப் போன தாய்க்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

ஆகவே கோவை நண்பரே, ஊட்டிக்கு டிக்கெட் போடாதீர்கள். போய், சாப்பாடு சரியில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். மொட்டைமாடியில் நாலு தொட்டி கொடுங்கள். அவர்கள் தண்ணீர் ஊற்ற மறந்த அன்று நீங்கள் போய் ஊற்றிவிடாதீர்கள். செடி காய்ந்தால் காயட்டும்.

எனக்கு அந்த நாவலோடு இன்னொரு சண்டையும் உண்டு. தோட்டத்தின் கதவைக் கண்டுபிடித்தவள் மேரி. படுத்தே கிடந்த மாமா மகன் காலினை அதட்டி எழுப்பியவளும் அவள்தான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பவன் காலின், அப்பாவோடு நிமிர்ந்து நடந்து வருபவன் காலின், கதை முடிவதும் அவன் பேரில். களையெடுத்தவளை ஆசிரியையே ஓரங்கட்டிவிட்டார்!