அப்பப்பா பார்க்காத தீ

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு 22 வயது. "அப்பப்பா கிட்ட நிண்டு பார்த்து அழுதவர் எண்டு சொல்லு, சனம் உருகிப்போகும், ஆர் வந்து விசாரிக்கப்போகினம்?" என்கிறார் அண்ணா. அப்பப்பா அந்த நேரம் கொழும்பில் வேலை செய்தவர். அப்படிச் சொல்லலாமா? எரிந்த புத்தகங்களின் தொகையையும் ஆளுக்கொரு கணக்காய்ச் சொல்கிறார்கள்.
வாசகி, கோண்டாவில்

பதில்: சொல்லக் கூடாது, தங்கச்சி.

முன்வரிசையில் ஆர் இருக்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாரும். அறுபது, எழுபது வயதுக்காரர். 1981 யூன் தொடக்கத்தில் ஊரில் நின்றவர்கள். உம்முடைய அப்பப்பா கொழும்பில் இருந்தவர் என்பது அவர்களில் ஒருவருக்காவது தெரியும். அவர் எழும்பி மறுக்கமாட்டார், சபை மரியாதைக்குப் பேசாமல் இருப்பார். ஆனால் அதற்குப் பிறகு நீர் சொல்லும் உண்மையும் அவர் காதில் ஏறாது. அதைவிட, உண்மையாகவே நின்று அழுதவர்களின் துயரத்தை எடுத்து உம்முடையது என்று சொல்வதாகிவிடும். எனக்கு அதுதான் பொறுக்கமுடியாதது.

கொழும்பில் இருந்த அப்பப்பாவுக்கு அந்தச் செய்தி எப்படிக் கிடைத்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேளும். செய்தி கேட்டு அவர் ஒன்றும் பேசவில்லை என்றால், பேசவில்லை என்றே சொல்லும். அது உம்முடைய வீட்டுக் கதை, அதைச் சொல்ல உமக்கு முழு உரிமை இருக்கிறது.

தொகைக்கு வருவோம். ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் என்றுதான் பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. அந்த 'ஏறக்குறைய'வை விழுங்காமல் சொல்லும். பேச்சுப்போட்டிகளுக்கு நடுவராய் இருந்து, இந்தத் தொகை மேடைக்கு மேடை இலட்சங்களாய் ஏறுவதைக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன். 97,000 என்பதே நெஞ்சை அடைக்கிற தொகை. அதை ஊதிப் பெருப்பித்தால், நடந்ததையே மறுக்கக் காத்திருப்பவருக்கு நாங்களே சாட்டு எடுத்துக் கொடுத்ததாகும்.

புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து தீயைக் கண்டு அதிர்ச்சியில் உயிர்விட்ட தாவீது அடிகளாரைக் கட்டாயம் சொல்வீர். சொல்லும். ஆனால் சாகும்போது சொன்னார் என்று ஒரு வசனத்தை இட்டுக்கட்டி அவர் வாயில் வைக்கவேண்டாம். பல மொழி கற்ற ஒருவர் அப்படி இறந்தார் என்பதற்கு மேல் என்ன சேர்க்க இருக்கிறது?

இன்னுமொன்று. மே 31ஆம் திகதி நாச்சிமார் கோவிலடித் தேர்தல் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டு இறந்ததோடுதான் அந்த நாட்களின் வன்முறை தொடங்கியது. பலர் இதை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். இதைச் சொல்வதால் நூலகத்தை எரித்தவர்களின் குற்றம் ஒரு துளியும் குறையாது. விட்டால், தெரிந்தவர்கள் 'பிள்ளை ஒளிக்கிறாள்' என்று நினைப்பார்கள்.

"அப்போது நான் பிறக்கவில்லை, வாசித்ததையும் கேட்டதையும்தான் சொல்கிறேன்" என்று தொடங்கும். எதை எங்கே வாசித்தீர், ஆரிடம் கேட்டீர் என்பதை அந்தந்த இடத்திலேயே ஒரு வசனத்தில் சொல்லிப் போம். விழா முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஒரு ஐயாவோ அம்மாவோ கிட்ட வந்து, "பிள்ளை, நான் கண்டனான்" என்று கதைக்கத் தொடங்கக்கூடும். கொப்பியும் பேனையும் கையோடு கொண்டுபோம்.

கேள்வி: பட்டிமன்றத்தில் எனக்கு உடன்பாடில்லாத அணியில் பேசுவது பொய் பேசுவதாகுமா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: இல்லைத் தம்பி. அணி பிரித்துத் தந்தது என்று சபைக்குத் தெரியும், ஒருவரும் ஏமாறவில்லை. ஆனால் இல்லாத ஆய்வு ஒன்றை இழுத்து 'ஆய்வு சொல்கிறது' என்றால் அது பொய். எதிரணி சொல்லாததைச் சொன்னதாகத் திரித்துக் கைதட்டு வாங்குவதும் அப்படித்தான். அவர்கள் பேசும்போது குறிப்பெடும். அவர்களுடைய வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்லி, பிறகு மறுத்துப் பேசும்.