ரேகை விழாத விரலும் அழியாத ஆப்பும்: கேள்வி பதில்

குன்னூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே உடைந்த போனுக்கு அடுத்தபடியாக என் மேஜைக்கு வருவது இரண்டு புகார்கள்தான். "ரேகை எடுக்க மாட்டேங்குது" என்பது ஒன்று, "நான் போடாத ஆப்பெல்லாம் போன்ல இருக்கு" என்பது இன்னொன்று. இரண்டையும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மீதிக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். போன் என் கட்டைவிரலை எடுப்பதே இல்லை. ரேஷன் கடை மிஷினிலும் நாலு தடவை வைத்தால்தான் விழுகிறது. ரேகையே போய்விட்டதா? (கோத்தகிரி பக்கம்)

போகவில்லை அக்கா, தேய்ந்திருக்கிறது. ரேகை என்பது தோலில் இருக்கும் மேடும் பள்ளமும்தான். பவர் பட்டனிலோ போனின் முதுகிலோ இருக்கும் சென்சார், மேடு தொடும் இடத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள நுண்ணிய மின் வித்தியாசத்தை வைத்துப் படம் போட்டுக்கொள்கிறது. கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி மேடு தட்டையாகிவிட்டால் அதற்குப் பிடி கிடைக்காது. வெடிப்பு இருந்தால் இன்னும் மோசம். பதியும்போது இருந்த வெடிப்பை அது ரேகையோடு ரேகையாகச் சேர்த்துக்கொள்ளும். ஆறியதும் "இது வேறு ஆள்" என்று சொல்லிவிடும். இலைக் கறை அவ்வளவு பெரிய தடையில்லை.

போன மாதம் உங்களை மாதிரியே ஒரு அக்கா கடைக்கு வந்தார். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியெல்லாம் கறுத்து, குறுக்கே கீறல் கீறலாக இருந்தன. இடது கை மோதிர விரலைக் காட்டச் சொன்னேன். சுழி அச்சடித்த மாதிரி தெளிவாக இருந்தது. டீ கிளாஸை அந்தக் கையால் ஒரு நிமிஷம் பிடித்திருக்கச் சொல்லி, விரலைத் துடைத்துவிட்டு, அதே விரலை இரண்டு முறை தனித்தனியாகப் பதிந்தோம். முதல் தடவையே திறந்தது. "இத்தனை நாள் இந்த வெரலுக்கு வேலையே குடுக்கலையே" என்று சிரித்தார். நீங்களும் பறிப்புக்கு அதிகம் உதவாத விரலாகப் பார்த்து வையுங்கள். பதியும்போது நுனியை மட்டும் அழுத்தாமல், போனை வழக்கமாக எப்படிப் பிடிப்பீர்களோ அப்படிப் பிடித்துக்கொண்டே வையுங்கள்.

ரேஷன் மிஷின் கதை வேறு. போன் தனக்குள் இருப்பதோடு மட்டும் ஒப்பிடும். ரேஷன் மிஷின், ஆதார் எடுத்தபோது நீங்கள் கொடுத்த ரேகையோடு ஒப்பிடுகிறது. அன்று இருந்த விரலுக்கும் இன்றைய விரலுக்கும் பன்னிரண்டு வருடப் பறிப்பு நடுவில் இருக்கிறது. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதுவரை, கார்டில் பெயர் உள்ள வீட்டு ஆள் வேறு யாராவது போய் வைக்கலாம். கண் கருவிழி பார்க்கும் கருவி கடையில் இருந்தால் அதைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

காலையில் ஆறரைக்கு வண்டி எடுக்கும்போது போன் ரேகையை எடுப்பதில்லை. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில்தான் இந்தத் தொல்லை. (தலைக்குந்தா)

உறைபனியில் புல்லே வெள்ளையாகக் கிடக்கிற இடத்தில் விரல் மட்டும் எப்படி இருக்கும்? குளிரில் தோல் வறண்டு இறுகிவிடும். கொஞ்சம் ஈரப்பசை இருந்தால்தான் சென்சாருக்கு விரல் தெரியும். உள்ளங்கையைத் தேய்த்து, வாயால் ஒரு ஊது ஊதிவிட்டு வையுங்கள். அதே விரலை ஒரு குளிர்ந்த காலையில், வறண்டு இருக்கும்போதே இன்னொரு முறை பதிந்துவிட்டால் ஊதுகிற வேலையும் குறையும். பெரும்பாலான போன்களில் நாலைந்து ரேகை பதியலாம். ஐந்துக்கும் ஐந்து வேறு விரல் வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

அப்புறம், குளிரில் கிடந்த போனை நேராக அடுப்படிக்குள் கொண்டு போகாதீர்கள். கண்ணாடி டம்ளரில் வேர்ப்பது மாதிரி போனும் வேர்க்கும்.

ஸ்கிரீன் கார்டு பசை போகவில்லை என்று நீலகிரித் தைலம் போட்டுத் துடைத்தேன். பசை போனது, ரேகையும் வேலை செய்யவில்லை. (லவ்டேல்)

தைலம் நல்ல பொருள்தான் தம்பி, சளிக்கு. பசையைக் கரைப்பதும் உண்மை. ஆனால் எண்ணெய்ப் படலம் சென்சார் மேல் நின்றுவிடும். பட்டன் இடுக்கு வழியாக உள்ளே போனால் அங்கிருக்கும் பசையையும் இளக்கும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால், காய்ந்த துணியாகவே, நாலைந்து முறை துடைத்துப் பாருங்கள். பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பட்டனைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

என் போனில் ஸ்கிரீனுக்குள்ளேயே சென்சார். டெம்பர் கிளாஸ் ஒட்டியதிலிருந்து பத்துக்கு ஏழு தடவை எடுப்பதில்லை. கழற்றவும் மனசில்லை. (கல்லூரி மாணவி, ஊட்டி)

ஸ்கிரீனுக்குள் இருப்பதில் இரண்டு வகை. ஒன்று, திரை வெளிச்சத்தை விரலில் அடித்துக் கீழே இருந்து படம் எடுப்பது. விரல் வைக்கும் இடம் பளிச்சென்று எரிந்தால் அநேகமாக அதுதான். புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி, அமோலெட் திரைக்கு அடியில்தான் இதைப் பெரும்பாலும் வைக்கிறார்கள். எல்சிடி திரை போன்களில் சென்சார் பட்டனுக்கோ முதுகுக்கோ போய்விடுவது அதனால்தான். இன்னொன்று, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைப் படிப்பது. அது விலை கூடிய போன்களில் வருகிறது.

தடித்த கண்ணாடியோ, நடுவில் காற்றுக் குமிழியோ இருந்தால் இரண்டுமே திணறும். கார்டு ஒட்டிய பிறகு ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதிந்தீர்களா? பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. சில போன்களில் செட்டிங்ஸில் தொடு உணர்வைக் கூட்டும் ஒரு சுவிட்ச் உண்டு, அதையும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு சோதனை கட்டாயம். புதிதாக எந்த கார்டு ஒட்டினாலும், உங்கள் தோழியின் விரலை வைத்துப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2019இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில், சில சிலிகோன் கார்டுகளின் உள்பக்க வரிகளையே சென்சார் ரேகை என்று எடுத்துக்கொண்டது. யார் விரல் வைத்தாலும் திறந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டு சாப்ட்வேர் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது.

என் ரேகை கம்பெனிக்காரனிடம் போகிறதா? வங்கி ஆப்பில் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். பென்ஷன் பணம், பயமாக இருக்கிறது. (ஓய்வு பெற்றவர், வெலிங்டன்)

நியாயமான பயம் ஐயா. போனில் பதிகிற ரேகை, படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அதிலிருந்து எடுத்த கணக்குதான் இருக்கும், அதுவும் சிப்புக்குள் பூட்டிய ஒரு தனி அறையில். வங்கி ஆப் கேட்கும்போது அந்த அறையிலிருந்து "ஆமாம், அவர்தான்" அல்லது "இல்லை" என்ற பதில் மட்டும் வெளியே வரும். ரேகை வங்கிக்கும் போகாது, போன் செய்தவருக்கும் போகாது.

நான் வேறு ஒன்றுக்குத்தான் பயப்படுவேன். உங்கள் போனில் பேரன் விரலும் பதிந்திருக்கிறதா? போனைப் பொறுத்தவரை அவனும் நீங்களும் ஒன்று. செட்டிங்ஸில் போய் எத்தனை விரல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். யாருடையது என்று தெரியாததை அழித்துவிடுங்கள்.

ஆதார் ரேகை வேறு. அது அரசின் சர்வரில் இருக்கிறது, அதை வைத்துச் சின்னக் கடைகளில்கூட பணம் எடுக்கலாம். பத்திரத்தில் இருக்கும் ரேகையைச் சிலிகோனில் அச்செடுத்துப் பணம் திருடிய வழக்குகள் நம் நாட்டில் உண்டு. ஆதார் இணையதளத்தில் உங்கள் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிக்கொள்ளுங்கள். ரேஷன் வாங்கப் போவதற்கு முன் திறக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் உங்களைத்தான் முறைப்பார்.

ரேகை வைத்திருக்கும்போது எதற்கு அடிக்கடி பின் நம்பர் கேட்கிறது? எடுத்துவிட முடியுமா? (பலர்)

முடியாது, கூடாது. ஆண்ட்ராய்டு 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பின் கேட்கும். ஐபோன் 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் கேட்கும். அணைத்துப் போட்டால் இரண்டும் கேட்கும். ரேகை, திண்ணைக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி. வீட்டுச் சாவி பின் நம்பர்தான்.

இதில் என் வீட்டுக் கதையே இருக்கிறது. ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. அப்பாவின் போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. கரண்ட் வந்து போட்டதும் பின் கேட்டது. எப்போதும் விரல் வைத்தே பழகியவர், நம்பரை மறந்துவிட்டார். கல்யாண நாள், மாட்டுக் கொட்டகை கட்டிய வருடம், பழைய லேண்ட்லைன் நம்பர் என்று எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் நானே ரீசெட் போட்டேன். ஊருக்கெல்லாம் போன் சரிசெய்கிற கையால். அதில் அம்மாவின் குரல் பதிவு நான்கைந்து இருந்தது. எங்கும் பேக்கப் இல்லை.

பின் நம்பரை எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள். வீட்டில் நம்பகமான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

32 ஜிபி போன். நான் போட்டது நாலு ஆப்தான், ஆனால் "இடம் இல்லை" என்கிறது. வாங்கும்போதே வந்த ஆப்களில் "நீக்கு" என்ற பட்டனே இல்லை. (ஆட்டோ ஓட்டுநர், கூடலூர்)

அண்ணா, 32 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பத்து ஜிபிக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். கூட வந்த ஆப்களில் இரண்டு ரகம். கடன் ஆப், ஷாப்பிங் ஆப், விளையாட்டு மாதிரி மேலோட்டமாக ஏற்றியவை: இவற்றை அழிக்கலாம், ஐகானை அழுத்திப் பிடித்தாலே வழி வரும். இன்னொரு ரகம் சிஸ்டம் பகுதிக்குள்ளேயே சுட்ட செங்கலாக இருக்கும். அந்தப் பகுதியில் நம்மால் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. "முடக்கு" என்பது மட்டும் இருக்கும்.

முடக்கினால் முழு இடமும் கிடைக்காது. ஆனால் அந்த ஆப்புக்கு இத்தனை நாள் வந்த அப்டேட் எல்லாம் உங்கள் பங்கு இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆப் விவரத்துக்குள் போய், மேலே மூன்று புள்ளியை அழுத்தினால் "புதுப்பிப்புகளை நீக்கு" என்று இருக்கும். முதலில் அதை, பிறகு முடக்கு. பத்துப் பன்னிரண்டு ஆப்பில் செய்தால் ஓரளவு இடம் வரும். அதைவிட, வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தால் இன்னும் அதிகம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன் திறக்கும் முன்பே லாக் ஸ்கிரீனில் நடிகை படமும் செய்தியும் ஓடுகிறதா? அதை செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதியில் அணைக்கலாம். சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு திரும்பவும் ஒருமுறை பாருங்கள், சிலது நைசாக மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.

வீடியோ பார்த்து கம்ப்யூட்டரில் இணைத்து எல்லா சிஸ்டம் ஆப்பையும் தூக்கினேன். இப்போது கீபோர்டு வரவில்லை. (கேத்தி)

எல்லாவற்றையும் தூக்கச் சொன்ன அந்த வீடியோக்காரரிடம் அல்லவா கேட்க வேண்டும்! சரி, பயப்படாதே தம்பி. ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் வழி) வழியாக நீக்கினாய் என்றால், உன் கணக்கிலிருந்து மட்டும்தான் போயிருக்கும். அசல் சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கிறது. அதே வழியில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்ப நிறுவும் கட்டளை ஒன்று உண்டு. அதற்கும் வழி இல்லை என்றால் ரீசெட் போட்டால் எல்லாம் திரும்பி வரும், படங்கள் போகும். கீபோர்டு, முகப்புத் திரை, கூகுள் பிளே சர்வீசஸ், வெப்வியூ: இந்த நான்கையும் தொடவே தொடாதே. வெப்வியூ என்பது மற்ற ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதி. அது என்ன பெரிய ஆப்பா என்று நினைக்கலாம். 2021 மார்ச்சில் அதன் ஒரு பழுதான அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன.

அரசாங்கமே ஒரு ஆப்பைக் கட்டாயமாக எல்லாப் போனிலும் போடச் சொன்னதே, என்ன ஆயிற்று? (ஆசிரியை, கோத்தகிரி)

சஞ்சார் சாத்தியைக் கேட்கிறீர்கள். புது போன்களில் அதை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. விரும்பினால் நாமே போட்டுக்கொள்ளலாம், தொலைந்த போனைப் பிளாக் செய்ய உதவும். கம்பெனிகளின் பக்கமும் கேள்வி இல்லாமல் இல்லை. தன் ஆப்களை மொத்தமாக ஏற்றச் சொன்னது உள்ளிட்ட காரணங்களுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

பையனின் டேப்லெட்டில் ரேகை சென்சாரே காணோம். கோச்சிங் சென்டர் கொடுத்த இன்னொன்றில் எந்த ஆப்பையும் நீக்க முடியவில்லை. (குன்னூர்)

விலை குறைந்த டேப்லெட் பலவற்றில் சென்சார் கிடையாது, தேடாதீர்கள். பின் நம்பர் போதும். சென்டர் கொடுத்தது, சென்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். படிப்பு முடிந்ததும் பூட்டை எடுத்துத் தருவார்களா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழைய போனை விற்கிறேன். என் ரேகை அதிலேயே இருக்குமா? (மஞ்சூர்)

செட்டிங்ஸ் வழியாக ரீசெட் போட்டால் ரேகையும் சேர்ந்து அழிந்துவிடும். ஆனால் அதற்கு முன் கூகுள் கணக்கை வெளியே எடுத்துவிடுங்கள். எடுக்காமல் பட்டன் அழுத்தி ரீசெட் போட்டால், வாங்கியவர் போனைப் போட்டதும் உங்கள் கணக்கைக் கேட்கும். அப்புறம் அவர் அடுத்த பஸ் பிடித்து மஞ்சூருக்கு உங்களைத் தேடித்தான் வருவார்.