கேளுங்க சொல்றோம்: பேப்பர்ல பிரியுற கலர்

கேள்வி: கருப்பு ஸ்கெட்ச் பேனா புள்ளி வச்ச ஃபில்டர் பேப்பர தண்ணில நிக்க வச்சா நீலம், சிவப்பு, மஞ்சள்னு தனித்தனியா பிரியுதே, எப்படி? எது எவ்ளோ இருக்குன்னும் இத வச்சே அளக்கலாமா?

பதில்: பேப்பர் பாக்க காஞ்சிருந்தாலும் அதோட செல்லுலோஸ் நார்ல எப்பவும் கொஞ்சம் ஈரம் ஒட்டிட்டேதான் இருக்கும், அது நகராது, கீழேர்ந்து ஊறி ஏறுற கரைப்பான் (உங்க சோதனைல தண்ணி) மட்டும்தான் நகரும், அதுல நல்லா கரையுற சாயம் அதுகூடவே மேல போயிடும், நார்ப்பக்கம் ஒட்டிக்கிற சாயம் பின்தங்கிடும். பிரியறது இதனாலதான்.

சாயம் ஏறுன தூரத்த கரைப்பான் ஏறுன தூரத்தால வகுத்தா வர்றது ஆர்எஃப் மதிப்பு. கரைப்பான் 10 செ.மீ., நீலம் 8 செ.மீ. ஏறியிருந்தா 0.8. பேப்பர், கரைப்பான், வெப்பநிலை எது மாறினாலும் இந்த நம்பரும் மாறும், அதனால புக்ல இருக்குற மதிப்ப மட்டும் நம்பாம, தெரிஞ்ச பொருள் ஒண்ணையும் அதே பேப்பர்ல பக்கத்துலயே ஓட விடுங்க.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, இதுல நிறைய பேர் குழம்புறாங்க. ஆர்எஃப் அது என்ன பொருளா இருக்கலாம்னுதான் காட்டும், எவ்ளோன்னு சொல்லாது. அளவு வேணும்னா அந்தப் புள்ளிய வெட்டி எடுத்து, சாயத்த திரும்ப கரைச்சு, கலரிமீட்டர்ல எவ்ளோ ஒளிய உறிஞ்சுதுன்னு பாத்து, அளவு தெரிஞ்ச கரைசல்களோட ஒப்பிடணும். உயிர்வேதியியலாளர் எர்வின் சார்காஃப் 1940கள் கடைசில டிஎன்ஏவ உடைச்சு அதுல இருந்த காரங்கள (அடினின், தைமின், குவானின், சைட்டோசின்னு நாலு பொருள்) பேப்பர்லதான் பிரிச்சார், அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது, புற ஊதா ஒளில அளந்தார். அடினினும் தைமினும் கிட்டத்தட்ட சமம், குவானினும் சைட்டோசினும் கிட்டத்தட்ட சமம்னு அப்படித்தான் தெரிய வந்துச்சு. ஒரு துண்டு பேப்பர்லேர்ந்து எவ்ளோ பெரிய விஷயம் பாருங்க!

கேள்வி: நிறமே இல்லாத பொருள எப்படி கண்டுபிடிக்கிறது? ரெண்டு பொருள் ஒரே இடத்துல நின்னுட்டா?

பதில்: அமினோ அமிலம்னா நின்ஹைட்ரின்ங்கிற ரசாயனத்த தெளிச்சு சூடாக்கினா ஊதாவா தெரியும், அதுல புரோலின்ங்கிற அமினோ அமிலம் மட்டும் மஞ்சளா வரும். ஒரே இடத்துல நின்னுட்டா பேப்பர காயவச்சு 90 டிகிரி திருப்பி வேற கரைப்பான்ல ஓட விடுங்க, பெரும்பாலும் பிரிஞ்சிடும். இதுக்கு புள்ளிய பேப்பரோட ஒரு மூலைல வச்சு ஆரம்பிக்கணும், புள்ளி வைக்கிற கோட்ட பென்சில்லதான் போடணும் (பேனா மையும் சேந்து ஓடிடும்), புள்ளி கரைப்பானுக்குள்ள முங்கக்கூடாது, ஜாடிய மூடியே வைங்க.