மே மாதத்துச் சென்னையில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் திருப்பூர்க்காரர்கள். பள்ளி விடுமுறைக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளோடு சென்னையில் தம்பி வீட்டுக்கு வருவோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. மால், சினிமா, கடற்கரை தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. பாட்டு, நடனம், நாடகம் எல்லாம் டிசம்பரோடு தீர்ந்துபோகின்றன. லண்டனில் இருக்கும் தோழி, அங்கே கோடை முழுக்க இசைவிழா என்கிறாள். சென்னை மட்டும் ஏன் இப்படி? தம்பி மனைவி, மகளைப் பத்து நாள் பரதநாட்டிய முகாமில் சேர்க்கச் சொல்கிறாள். சேர்க்கலாமா?

சு., திருப்பூர்

அன்புள்ள சு.,

லண்டனை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் தோழி சொல்வது ‘பிராம்ஸ்’ விழாவாக இருக்கவேண்டும். 1895 ஆகஸ்டில் குவீன்ஸ் ஹாலில் தொடங்கியது. மலிவு டிக்கெட் வைத்துச் சாதாரண மக்களை நல்ல இசைக்குப் பழக்குவதே நோக்கம். இன்றும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நின்றபடி கேட்கச் சம்மதிப்பவர்களுக்குக் குறைந்த விலையில் இடம் உண்டு. அந்த ஊரில் வெயில் அடித்தால் ஜனம் வெளியே வரும். இங்கே உள்ளே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அதில் யார் பூங்காவில் உட்கார்ந்து சங்கராபரணம் கேட்பது?

டிசம்பரோடு தீர்ந்தது என்பதைத்தான் நான் ஒப்பமாட்டேன். மார்கழிக் கச்சேரி ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது, அதையொட்டி ஓர் இசை மாநாடு, மறு ஆண்டு மியூசிக் அகாடமி. அதைவிடப் பழைய கலைப்பருவம் ஒன்று வட தமிழ்நாட்டில் பங்குனியில் தொடங்கி ஆடி வரை நடக்கிறது. அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் காலம்; திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்தில் சுவரொட்டிகளைப் பார்த்தாலே எந்த ஊரில் என்று தெரிந்துவிடும்.

உங்கள் பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே கூட்டிப்போங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு மேலே துரியோதனனின் கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால்கள். உள்ளே நின்றபடியே அவன் தன் பெருமையைப் பாடுவான். வெளியே கோமாளியான கட்டியக்காரன் ராஜாவைக் கண்டபடி கிண்டல் செய்வான். முகவீணை என்ற சிறு குழல் கிறீச்சிடும். திரை விலகியதும் கண்ணாடித் துண்டு பதித்த மரக் கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கில் ஒரே வீச்சில் பளபளக்கும். அந்த இடத்தில் எட்டு வயதுப் பையன் நிச்சயம் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வான். நள்ளிரவுக்குள் தூங்கியும் விடுவான், பாய் எடுத்துப்போங்கள். கடைசி நாள் படுகளத்துக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையைப் பிளந்த பிறகுதான் திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி.

சென்னைக்குள்ளேயே இருக்கவேண்டுமென்றால், நேரத்தைப் பார்த்து நடக்கவேண்டும். இங்கே மே மாதத்தைக் காப்பாற்றுவது கடற்காற்று. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது பிந்தும். அன்று மூன்று மணிக்குக்கூட வெளியே தலைகாட்டாதீர்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பிரம்மோற்சவம் சித்திரையில் வருகிறது. காலைப் புறப்பாட்டை மாடவீதியில் நின்று பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பலாம். மதியத்துக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்: குளிர்சாதனம், பிள்ளைகளுக்குத் தனிப்பகுதி, செலவில்லை. மாலையில் நாடகம். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபா பல ஆண்டுகளாகக் கோடை நாடக விழா நடத்திவருகிறது. எல்லா நாடகமும் தேறாது, துணுக்குத் தோரணங்களும் உண்டு. இருந்தாலும், மேடையில் ஒருவர் வசனம் மறந்து இன்னொருவர் எடுத்துக்கொடுப்பதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1851இல் தொடங்கியது, முழுக்கச் சுற்றினால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். செப்புத்திருமேனிக் கூடம் மட்டும் போதும், அதிலும் திருவெண்காட்டு அர்த்தநாரி ஒன்றே போதும். வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்று. வலத்தொடையில் குட்டை ஆடை, இடக்காலில் நீண்டு இறங்கும் ஆடை. இடை ஒரு பக்கம் நேராக இறங்கும், மறுபக்கம் வளையும். எந்த இடத்தில் ஆண் முடிந்து பெண் தொடங்குகிறது என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவது தெரியாது.

மாநகரத்தின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. 2007 பிப்ரவரியில் சென்னை சங்கமம் என்ற கலைவிழா பறையையும் கரகத்தையும் ஒயிலையும் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. இப்போது பொங்கலை ஒட்டித்தான் நடக்கிறது. பிள்ளைகள் வீட்டில் கிடந்து கைப்பேசியைத் தேய்க்கும் மே மாதத்தில், கடற்காற்று வரும் மாலைகளில், அதில் கால்பங்கு நடத்தினால் என்ன? கலைஞர்களுக்கும் கூடுதலாகச் சில நாள் கூலி கிடைக்கும்.

முகாம் வேண்டாம். பத்து நாளில் முதல் பாடமான தட்டடவுக்கே கால் பழகாது. கடைசி நாளில் ஒப்பனை, சான்றிதழ், புகைப்படம் என்று முடிப்பார்கள். கூத்தையும் நாடகத்தையும் பார்த்த பிறகு, ‘நானும் ஆடவேண்டும்’ என்று மகளே கேட்டால், ஜூன் மாதமும் கூட இருக்கிற ஆசிரியர் ஒருவரைத் திருப்பூரிலேயே தேடுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போய் நிற்காதீர்கள். அன்று விடுமுறை.