சுவரில் ஓதம்: பெயின்டரைக் கூப்பிடும் முன் ஒரு பென்சில் எடுங்கள்

கேள்வி: படுக்கையறைச் சுவரில் கீழிருந்து ஈரம் ஏறி, பெயின்ட் உப்பி உதிர்கிறது. மேல் வீட்டுக் கசிவா, மழையா, குழாயா? சுவரை உடைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் கொத்தனாரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. இதே தலைவலியோடு இரண்டு வருடம் அலைந்தவன், அவ்வளவுதான்.

ஈரம் தெரியும் இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் புகும், பூச்சுக்குள் எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு ஓடும், வேறெங்கோ எட்டிப் பார்க்கும். ஈரம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஆள் பாதி அகப்பட்ட மாதிரி.

எங்கள் கதையைச் சொல்கிறேன். மடிப்பாக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு, நாங்கள் இரண்டாவது மாடி. பீரோவை நகர்த்தியபோதுதான் பார்த்தோம், அதன் பின்னால் சுவர் இரண்டு அடி உயரத்துக்கு அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் பாத்ரூம். பெயின்டர் வந்து சுரண்டி, பட்டி பார்த்து, ‘ஈரம் தாங்கும்’ பெயின்ட் அடித்துவிட்டு ஆறாயிரம் வாங்கிக்கொண்டு போனார். நாலே மாதத்தில் பழைய கதை. அடுத்து வந்த கான்ட்ராக்டர் டார்ச் கூட அடித்துப் பார்க்கவில்லை. “மேல் வீட்டு பாத்ரூம்தான் சார், மொத்தமா உடைச்சிப் போடணும், எழுபதாயிரம் ஆகும்” என்றார். அதை நம்பி மேல் வீட்டு மாமியிடம் போய்ப் பேசி, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றதுதான் மிச்சம். மேலிருந்து ஒழுகினால் முதலில் எங்கள் பாத்ரூம் கூரைதானே நனைய வேண்டும்? அது காய்ந்து கிடந்தது. அந்த யோசனை அப்போது வரவில்லை.

பிறகு என் மாமனார் சொன்ன யோசனை: ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுது. ஏப்ரலில் ஆரம்பித்தேன். ஒரு சொட்டு மழை இல்லை, கோடு மட்டும் மேலே ஏறியது. மழை கணக்கிலிருந்து போயிற்று. மே மாதம் தென்காசியில் ஒரு கல்யாணம், பன்னிரண்டு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூட மறந்துவிட்டோம் என்று ரயிலில் ஏறிய பிறகு வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த மறதிதான் உதவியது. திரும்பி வந்து பார்த்தால் ஈரம் ஒரு சாண் இறங்கியிருந்தது. மேல் வீட்டார் எப்போதும் போலக் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆகவே அவர்கள் இல்லை. எங்கள் குழாய்களிலும் அந்தப் பன்னிரண்டு நாளும் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றது, ஆகவே எந்நேரமும் தண்ணீர் நிற்கும் குழாயும் இல்லை. நாங்கள் புழங்கும்போது மட்டும் கசிகிற ஏதோ ஒன்று.

பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் வாயை (நானி ட்ராப்) துணி வைத்து அடைத்து, தரையில் ஒரு இன்ச் தண்ணீர் கட்டி, சொட்டு நீலம் கலந்து ஒரு நாள் விட்டேன். மட்டம் இறங்கவில்லை, தரை நல்ல தரை. (டைல்ஸ் இடுக்கில் நீலம் இன்னும் போகவில்லை. நீங்கள் நீலம் போடாமல் ஸ்கேல் வைத்து அளந்தாலே போதும்.) அப்புறம் இரண்டு வாரம் எல்லோரும் பக்கெட் குளியல். கோடு இறங்கிக்கொண்டே வந்தது, அதனால் கழிவுநீர்க் குழாயும் தப்பித்தது. மறுபடி ஷவர் போட்டோம். ஐந்தாவது நாள் நாலு விரல்கடை ஏறிவிட்டது.

தண்ணீரைக் கீழ்க் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரிலிருந்து ஷவர் வரை சுவருக்குள் போகும் குழாயில், ஷவரைத் திறந்தால் மட்டும்தான் தண்ணீர் ஏறும். மற்ற நேரம் அது காலி. அதனால்தான் வால்வை மூடிப் பார்க்கும் சோதனை எதிலும் அது சிக்காது. பிளம்பர் வந்து ஷவர் கையை, அதாவது சுவரிலிருந்து ஷவரைத் தாங்கி நீளும் குழாயை, கழற்றினார். மரையில் சுற்றியிருந்த டெஃப்லான் டேப் நைந்து நூல் நூலாக வந்தது. “இதை யாராவது திருப்பினீங்களா?” என்று கேட்டார். திருப்பியது நான்தான். ஷவர் கோணலாக இருக்கிறது என்று எப்போதோ பிடித்துப் பின்னால் திருப்பி நேராக்கியிருந்தேன். டேப் சுற்றி முறுக்கியதைப் பின்பக்கம் தளர்த்தினால் பிடி விட்டுவிடுமாம். ஏழடி உயரத்தில் கசிந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கித் தரையோரம் தேங்கி, படுக்கையறைப் பக்கம் வந்திருக்கிறது. புது டேப், கூலி எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய். மேல் வீட்டு மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டது தனிக் கதை.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். தரைத்தளமாக இருந்து, பாத்ரூமுக்குச் சம்பந்தமே இல்லாத சுவர்களிலும் மூன்றடி வரை ஒரே மட்டத்தில் ஈரம் ஏறி வெள்ளையாக உப்புப் பூத்தால், அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். வெளியே தோட்ட மண்ணோ சிமென்ட் தளமோ அடிமட்டத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறதா, சம்ப் ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

தனி வீடு என்றால் இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல் டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டுத் தூங்குங்கள். மோட்டார் போடாதீர்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது. டாய்லெட் ஃபிளஷ் டேங்க்கை முதலில் பார்த்துவிடுங்கள், பலருக்கு அங்கேதான் போகிறது.

ஏசி அறையில் மட்டும் ஈரம் என்றால், ஒரு அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு வெளிப்பக்கம் நீர் கோத்தால் அது காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஏசி தண்ணீர்க் குழாய் வெளியே சுவரிலேயே சொட்டுகிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

மழைதான் என்று உறுதியானால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் பெரும்பாலும் வடக்கு, கிழக்குச் சுவர்தான் சாரலை வாங்கும். சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், ஜன்னல் மூலை விரிசல்கள்தான் முதல் சந்தேகம். வெயில் நாளில் ஹோஸ் வைத்துக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்துக்கும் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஒன்றும் புரியாது. மொட்டை மாடியில் பதித்த தட்டையான ஓட்டுக்கு (தட்டோடு) கீழே செங்கல் ஜல்லி போட்டிருந்தால், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை விட்டு நாலைந்து நாள் கழித்தும் சொட்டும். அதை வைத்து ‘மழை இல்லை, குழாய்தான்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

காரணம் பிடிபட்டுச் சரிசெய்த பிறகும் உடனே பெயின்டரைக் கூப்பிட வேண்டாம். எங்கள் சுவர் முழுக்கக் காய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. உப்பிய பூச்சைக் கொத்திவிட்டு, பீரோவை நடு அறையில் நிறுத்தி, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். கடைசிப் பென்சில் கோட்டில் ஆகஸ்ட் தேதி இருந்தது. பட்டி அதற்குப் பிறகுதான்.