கென்டக்கி டெர்பிக்கு முந்தைய வாரம், காலைப் பயிற்சியில் ஓடும் குதிரைகளை நன்றாகப் படம் எடுப்பது எப்படி?

டெர்பி, அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம். லென்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் அது நடக்கும் ஓடுபாதையின் காலை ஒழுங்கைத் தெரிந்துகொள்ளுங்கள். படம் கெடுவது பெரும்பாலும் தவறான இடத்தில், தவறான நேரத்தில் நிற்பதால்தான்.

அந்த ஓடுபாதை லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ். அங்கே பயிற்சி இருட்டிலேயே தொடங்கிவிடும். டெர்பி நடப்பது மே மாத முதல் சனிக்கிழமை. அந்த வாரத்தில் சூரியன் எழ ஏறக்குறைய 6:45 ஆகும். இடையில் பயிற்சியை நிறுத்தி, டிராக்டரால் மண்ணைக் கீறிச் சமன் செய்வார்கள். சமீப ஆண்டுகளில் அதன் பிறகு 7:30 முதல் 7:45 வரை டெர்பி குதிரைகளுக்கும், முந்தைய நாள் நடக்கும் பெண் குதிரைப் பந்தயமான ஓக்ஸின் குதிரைகளுக்கும் மட்டும் பாதையைத் திறந்துவிடுகிறார்கள். குளம்புத் தடம் இல்லாத மண், சாய்ந்த வெயில், நெரிசல் இல்லாத பாதை எல்லாம் சேர்ந்து கிடைப்பது அந்தக் கால் மணி நேரத்தில்தான். நேரம் மாறலாம், அன்றன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். டெர்பி குதிரைக்குச் சேணத்தின் அடியில் பெயர் எழுதிய மஞ்சள் துணி இருக்கும், ஓக்ஸ் குதிரைக்கு இளஞ்சிவப்பு.

ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கடைசி வேகப் பயிற்சியைப் பெரும்பாலான டிரெயினர்கள் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவார்கள். டெர்பி வாரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நிதானமான ஓட்டம். முழு வேகப் பாய்ச்சல் வேண்டுமென்றால் முந்தைய வார இறுதிக்கே போய்விடுங்கள்.

இனி, எங்கே நிற்பது? இரட்டைக் கோபுரம் உள்ள பார்வையாளர் மாடம் 1895-இல் கட்டப்பட்டது. மாலை வெயில் பார்வையாளர் கண்ணில் அடிக்கக் கூடாது என்று அதை மேற்குப் பக்கம் வைத்தார்கள். அதனால் காலையில் வெயில் மாடத்தின் முகத்தில் விழும். லாயங்கள் இருக்கும் எதிர்ப்பக்க வெளிவேலி ஓரம் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், குதிரை மேல் நேர் வெளிச்சம், பின்னணியில் கோபுரங்கள். ஆனால் அவை தூரத்தில், தம்மைவிடப் பெரிய கட்டடங்களுக்கு நடுவே இருக்கின்றன. அகல லென்ஸில் குச்சியாகத் தெரியும். 200 முதல் 300 மிமீ லென்ஸ் வைத்து, அதன் துளையை எஃப் 8 வரை சுருக்கினால்தான் அடையாளம் தெரியும்.

அந்தப் பக்கம் போக ஊடக அனுமதியோ வழிகாட்டியுடன் போகும் சுற்றுலாவோ வேண்டும். மாடத்தின் பக்கம் மட்டும்தான் இடம் கிடைத்தது என்றால் சூரியன் எதிரே இருக்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைத்து, பிடரியின் ஓர ஒளி, தெறிக்கும் மண், மூச்சில் எழும் ஆவி ஆகியவற்றை எடுங்கள். முகம் தெளிவாக வேண்டும் என்று பிறகு கணினியில் நிழலை வெளிச்சமாக்கினால் படம் சாம்பல் பூத்துவிடும்.

வேகமாக ஓடும் குதிரைகள் உள்வேலியை ஒட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வெளிவேலியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அவை இடமிருந்து வலமாகப் போகும், வலது பக்கம் தெரியும். மெதுவாகத் துள்ளி வரும் குதிரைகள் எதிர்த்திசையில், உங்கள் பக்கத்து வேலி ஓரமாகவே வரும். பந்தயக் குதிரைக்குப் பிடரி மயிரை வழக்கமாக வலப்பக்கம் வாரிவிடுவதால், இடப்பக்கம் தெரிய வரும் இவற்றில் கழுத்தின் வடிவு முழுசாகக் கிடைக்கும். முகப் படத்துக்கு இவைதான் சரி.

எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. முன்காலை முன்னேயும் பின்காலை பின்னேயும் நீட்டிப் பறப்பது போலத்தான் பழைய ஓவியர்கள் வரைந்தார்கள். 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள், நான்கு குளம்பும் தரையை விடுவது கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கிக் குவியும்போதுதான் என்று காட்டின. அந்தக் கணம் ஒன்று. முன்னணிக் கால் (இரு முன்கால்களில் அதிகம் முன்னே நீளும் கால்) முழுதாக நீண்டு இன்னும் தரையைத் தொடாத கணம் இன்னொன்று. இரண்டையும் குறிவையுங்கள். தவிர்க்க வேண்டியது, முழு எடையும் ஒற்றை முன்காலில் இறங்கும் கணம். குளம்புக்கு மேலுள்ள மூட்டு தரையைத் தொடுமளவு வளைந்து, கால் ஒடிந்தது போல் தெரியும். அது இயல்புதான், ஆனால் பார்க்கிறவர் பதறிவிடுவார்.

திருப்பத்தில் குதிரை இடது முன்காலை முன்னணியாக வைக்கும், நேர்ப்பாதையில் பெரும்பாலும் வலதுக்கு மாற்றும். உங்களுக்குத் தெரிவது வலப்பக்கம் என்பதால், நீண்ட காலை உடல் மறைக்காமல் எடுக்க நேர்ப்பாதையே மேல்.

முழுப் பாய்ச்சலில் குதிரை நொடிக்கு இரண்டரைத் தாவலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போடும். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஒரு தாவலுக்கு நான்கே படம் விழும், நல்ல கணம் நடுவில் நழுவலாம். 20 படம் எடுத்தால் தாவலுக்கு எட்டுப் படம் கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் கீழே போக வேண்டாம். உடல் நொடிக்கு 16 மீட்டர் போகும்போது முன்னே வீசும் குளம்பு அதைப் போல இரு மடங்கு வேகத்தில் போகிறது. 1/1000-இல் அது 3 செ.மீ. நகர்ந்துவிடும். முகம் கூர்மையாக, கால் மட்டும் கலங்கித் தெரிவது இதனால்தான். விடியலுக்கு முன் அந்த வேகம் கட்டுப்படியாகாது. அப்போது 1/40 வைத்து, குதிரையின் தோளோடு கேமராவை நகர்த்தி எடுங்கள்.

கண்ணைத் தேடும் ஃபோகஸ், கண்பட்டி கட்டிய குதிரையிடம் தோற்கும். சவாரி செய்பவரின் ஹெல்மெட்டுக்குத் தாவிவிடும். சிறிய ஃபோகஸ் கட்டத்தைக் குதிரையின் தோளில் வையுங்கள்.

ஏசி அறையிலிருந்து ஈரக் காற்றுக்கு வந்ததும் லென்ஸ் வியர்க்கும். அரை மணி முன்பே பையோடு வெளியே வையுங்கள். எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் மண்ணிலிருந்து கானல் எழும். நீண்ட லென்ஸில் படம் கூர்மை இழக்கும், அதற்கு மருந்தில்லை. அப்போது லாயத்துப் பக்கம் வந்து, குளிப்பாட்டும் குதிரை மேல் எழும் ஆவியை எதிர் வெளிச்சத்தில் எடுங்கள். அங்கே சத்தமில்லா ஷட்டர் வைப்பது நல்லது.

ஃபிளாஷ் கூடவே கூடாது. வேலிக்கு அப்பால் லென்ஸை நீட்டாதீர்கள், குந்தியிருந்து சட்டென்று எழாதீர்கள், காற்றில் படபடக்கும் மழைக்கோட்டு வேண்டாம். ஒரு சின்ன அதிர்ச்சிக்கு மேலிருப்பவர் விழுந்துவிடலாம். அவிழ்ந்து ஓடும் குதிரையைக் கண்டால் கையை ஆட்டாமல் ஒதுங்கி நில்லுங்கள், பிடிக்க அவுட்ரைடர்கள் (பாதையில் குதிரைமேல் காவல் நிற்பவர்கள்) இருக்கிறார்கள்.

பெயர் போடும்போது மஞ்சள் துணியில் உள்ள பெயரையே எடுங்கள். லாயத்தில் தலைக்கயிற்றின் பித்தளைத் தகட்டை நம்ப வேண்டாம், வேறு குதிரையின் கயிறு மாட்டியிருக்கலாம். நெற்றியிலும் கால்களிலும் உள்ள வெள்ளையைத் துணியோடு எடுத்த படத்துடன் ஒப்பிட்ட பிறகு பெயரை எழுதுங்கள்.